தூரத்துத் துரைக்காகப் பிறந்த கடதாசி

ஸ்கொட்லாந்தில் குடியிருக்கும் ஒருவருக்கு அப்புத்தளைப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடம் 1850. தோட்டத்தை ஒட்டிய ஐம்பது ஏக்கர் காடு விலைக்கு வருகிறது. இப்போது வாங்காவிட்டால் அடுத்த துரை வாங்கிவிடுவார். சுயஸ் கால்வாய் திறக்க இன்னும் பத்தொன்பது வருடங்கள் இருக்கின்றன. கடிதம் எழுதி, அது அவர் கைக்குப் போய், பதில் பதுளைக்கு வந்து சேர மாதக்கணக்காகும். வந்தாலும் அந்தப் பதிலை வைத்துக் காணி வாங்க முடியாது. இலங்கையில் காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் கையொப்பம் விழ வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் விதித்தது. ஆனால் அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்தது: உரிமையாளரே கையொப்பமிடலாம், அல்லது அவர் முறைப்படி அதிகாரம் கொடுத்த இன்னொருவர் இடலாம்.

இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் சட்டத்தரணியின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு மகள், "அம்மாவுக்கு நடக்க ஏலாது ஐயா, அட்டோனி ஒண்டு எழுதணும்" என்று கேட்கிறாளே, அந்தக் கடதாசி இந்த மலைக்கு வந்த வழி இதுதான். அற்றோணித் தத்துவம் என்று அரச படிவங்களில் அச்சடிக்கிறார்கள். ஊரில் அட்டோனி என்கிறார்கள், பவர் என்கிறார்கள். வயோதிபத் தாய்க்காக இது உண்டாக்கப்படவில்லை. உடம்பும் புத்தியும் நன்றாக இருந்து, ஆள் மட்டும் தூரத்தில் இருந்த ஒருவருக்காக உண்டாக்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டால்தான் எதற்கு இதை நம்பலாம், எந்த இடத்தில் இது கையை விட்டுவிடும் என்பது விளங்கும்.

தோட்டத்தின் சொந்தக்காரர் தோட்டத்தில் இல்லாமலிருப்பது மலைநாட்டில் அபூர்வமாக நடந்த காரியமல்ல. அந்தத் தொழிலே அப்படித்தான் கட்டப்பட்டது. 1835இல் கொழும்பில் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் போன்ற முகவர் நிறுவனங்கள், பிரிட்டனில் இருந்த உரிமையாளர்களுக்காகப் பணம் அனுப்பின, கோப்பியைக் கப்பலேற்றின, கணக்குப் பார்த்தன. தோட்டத்தில் பெரிய துரை இருப்பார். அவருக்கு மேலே கொழும்பு ஏஜென்சி. அதற்கும் மேலே கடல் கடந்த முதலாளி. அந்த முதலாளியின் பெயரில் காணி வாங்கவும், விற்கவும், ஈடு வைக்கவும், வழக்குப் போடவும் இங்கே யாரோ ஒருவர் கையில் எழுத்து மூலமான அதிகாரம் இருந்தாக வேண்டும். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. தோட்டங்கள் கைமாறின. தனி உரிமையாளர்களின் இடத்தில், பிரிட்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பனிகள் வந்தன. 1890இல் இலங்கையில் இறங்கிய தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்னை உட்படத் தோட்டங்களை வாங்கினார். அவருடைய கடைகளும் வாழ்க்கையும் பிரிட்டனில் இருந்தன. ரயில் 1893இல்தான் அப்புத்தளையைத் தொட்டது, பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல். பணம் ஒரு கண்டத்தில், மரம் இன்னொரு கண்டத்தில் என்று இருந்த அந்தப் பொருளாதாரத்தை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவை கையொப்ப அதிகாரம் கொடுக்கும் கடதாசிகள்.

இந்தக் கடதாசியில் தமிழர்களுக்கும் பழைய பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பண்டம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்போம். காரைக்குடி, தேவகோட்டை நகரத்தார்கள் கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்து, தோட்டத் துரைமாருக்கும் வணிகர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். கடைக்குச் சொந்தக்காரர் செட்டிநாட்டில் இருப்பார். கொழும்பில் கடையை நடத்துபவர் அவருடைய ஏஜண்ட். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. தவணை முடிந்தால் ஊருக்குத் திரும்பிக் கணக்கை ஒப்புவிக்க வேண்டும், அடுத்தவர் வருவார். அந்த மூன்று வருடமும் கடையின் விலாசத்தின் பெயரில் கடன் கொடுக்கவும், ஈடு வாங்கவும், நீதிமன்றத்தில் வழக்காடவும் அவருக்குப் பலமாக இருந்தது முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம். ஸ்கொட்லாந்துத் துரையும் தேவகோட்டைச் செட்டியாரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இருவருக்கும் ஒரே தேவை, இருவர் கையிலும் ஒரே வகைக் கடதாசி.

இப்படி அதிகாரங்கள் பெருகியபோது ஒரு சிக்கலும் கூடவே பெருகியிருக்கும் என்பதை ஊகிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. ஒருவர் வந்து, "நான் இன்னாருடைய தத்துவக்காரன்" என்று பத்திரத்தை நீட்டுகிறார். அது உண்மையானதா? கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? போன மாதமே அதை ரத்துச் செய்துவிட்டாரா? இவருக்குக் காணி விற்கும் உரிமை உண்டா, வாடகை வாங்கும் உரிமை மட்டுமா? கடல் கடந்து கேட்டு வரும்வரை நொத்தாரிசோ, வங்கியோ, வாங்குபவரோ காத்திருக்க முடியாது.

1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டம் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வந்தது. ஒருவர் தன் பெயரில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் எழுத்து மூலமான அதிகாரங்களை அரசின் பதிவேட்டில் பதிந்து வைப்பதுதான் அதன் வேலை. வழக்கு நடத்தச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் அதிகாரம் இதில் சேராது. பதிந்த பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதியை யாரும் சாட்சியமாகக் காட்டலாம். ரத்துச் செய்தால் அதையும் பதிவாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நூற்றிருபது வருடங்களுக்கு மேலாக, திருத்தங்களோடு, அந்தச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. காணி மோசடிகள் பெருகியதால் 2022இலும் அதைத் திருத்தி, ஆள் அடையாளத்தை உறுதிப்படுத்தும் விதிகளை இறுக்கினார்கள். அதனால் பழைய படிவத்தைப் போட்டோப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதும் பழக்கத்தை இப்போது விட்டுவிட வேண்டும்.

1902இல் இதே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களின் கதை வேறு. துரையின் சார்பில் கையொப்பமிட ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதென்றால் நொத்தாரிசு, சாட்சி, முத்திரை, பதிவேடு எல்லாம் வேண்டியிருந்தது. தொழிலாளியின் சார்பில் பேச, கடன் வாங்க, சம்பளம் கையேற்க, இடம் மாற்ற யாருக்கும் எந்தப் பத்திரமும் வேண்டியிருக்கவில்லை. பெரிய கங்காணி பேசினால் போதும். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறும். கடன் தீரும்வரை அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது துண்டு முறை. இன்ன தொகை கடன் தீர்ந்தால் இவர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அதில் பெயர் தொழிலாளியுடையது, கடனும் தொழிலாளியுடையது, கையொப்பம் மட்டும் துரையுடையது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம்தான் துண்டை ஒழித்தது.

கடதாசி மேல் மலையகத்துக்கு இருக்கும் பயத்துக்கு வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. துண்டு போன பிறகும் அந்தப் பயம் வளர்ந்ததற்குக் காரணமும் உண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்தது. விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன, கைநாட்டுகள் வைக்கப்பட்டன, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்து அந்தக் கணக்கை முடித்த சட்டம் 2003இல்தான் வந்தது. இப்படி வாழ்ந்த ஒரு கிழவியிடம் போய், "இதில் கைநாட்டு வையம்மா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெற்ற மகனே சொன்னாலும் அவள் கையை இழுத்துக்கொள்வாள். அதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் அனுபவத்திலிருந்து நடந்துகொள்கிறாள்.

அவளுக்கு இன்று எழுதிக் கொடுக்க என்னதான் இருக்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். லயத்துக் காம்பரா அவளுடையதல்ல, தோட்டத்துடையது. தோட்டக் காணிகளை 1970களில் அரசு எடுத்தது. 1990களில் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. எந்த மாற்றத்திலும் லயம் குடியிருந்தவர் பெயருக்கு வரவில்லை. ஆனாலும் நாற்பது வருடம் செக்ரோலில் பெயர் இருந்த ஒரு பெண்ணுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. 1980இன் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதி இருக்கிறது. 1983இன் சட்டப்படி பணிக்கொடை இருக்கிறது. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்று அது கணக்காகும். இவையெல்லாம் சேர்ந்து வங்கியில் ஒரு தொகையாகக் கிடக்கும். அடகில் கொஞ்சம் நகை. ஏழு பேர்ச்சஸ் காணியோடு புது வீடு கிடைத்த குடும்பங்களில் அதற்கான பத்திரம். இந்தியாவில் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அங்கே ஒரு பங்கு வழக்கு. அவளுடைய முழு ஆயுளின் உழைப்பும் இவ்வளவுதான், இவ்வளவும் கடதாசி. அதில் ஒரு ரூபாயும் அவள் அறியாமல் போகக்கூடாது.

பிள்ளைகளோ பக்கத்தில் இல்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் கட்டாரிலோ குவைத்திலோ வீட்டு வேலையில் இருக்கிறாள், இளையவன் மட்டும் பசறையில். அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. மடூல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பஸ் ஏறி வங்கிக்கு வர முடியவில்லை. கைநாட்டுக்காக முச்சக்கர வண்டி பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கோப்பிக் காலத்துத் துரை தூரத்தால் வரமுடியாமல் இருந்தார், இவள் முதுமையால் வரமுடியாமல் இருக்கிறாள். இந்த மட்டில் பழைய கடதாசி புதிய தேவைக்கு நன்றாகவே பொருந்துகிறது. தத்துவம் கொடுப்பவர் என்ற இடத்தில் ஒரு கொழுந்துக்காரியின் பெயர் வருகிறது. யாரும் அவளுக்காகத் தாமாகவே பேசவில்லை. அவள் சொல்லி, அவள் வரையறுத்து, அவள் கொடுத்த அதிகாரத்தில் மகன் பேசுகிறான். இந்த மலையில் இது சின்னக் காரியமல்ல.

ஆனால் முழங்காலோடு நிற்காமல் ஞாபகமும் போகத் தொடங்கினால் என்ன? இங்கேதான் அந்தக் கடதாசியின் பிறவிக் குறை வெளியே வருகிறது.

1879இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு முடிந்தது. ட்ரூ எதிர் நன். நன் என்பவர் நல்ல மனநிலையில் இருந்தபோது தன் சார்பில் நடக்க மனைவிக்கு அதிகாரம் கொடுத்திருந்தார். அது ட்ரூ என்ற வியாபாரிக்கும் தெரியும். பிறகு நன்னுக்குச் சித்தம் கலங்கியது. மனைவி வழக்கம்போல அவர் பெயரில் ட்ரூவிடம் சப்பாத்துகள் கடனுக்கு வாங்கினாள். நன் குணமாகி வந்து, அந்தக் கடனைக் கட்ட மாட்டேன் என்றார். நீதிமன்றம் இரண்டு விடயங்களைச் சொன்னது. கணவருக்குச் சித்தம் கலங்கியபோதே மனைவியின் அதிகாரமும் முடிந்துவிட்டது. ஆனால் அது தெரியாமல் நம்பிக் கொடுத்த வியாபாரியை நட்டப்படுத்தக் கூடாது, ஆகவே நன் பணம் கட்ட வேண்டும். காரணம் எளிது. முகவர் செய்வதெல்லாம் முதலாளி தானே செய்யக்கூடியவை. முதலாளியால் முடிவெடுக்க முடியாத நாளில் அவர் இரவல் கொடுத்த கையாலும் முடியாது. தூரத்திலிருக்கும் துரைக்கு இந்த விதி பொருத்தமானது. தன் புத்தியை இழந்துவரும் தாய்க்கோ, உதவி மிகவும் தேவைப்படும் அந்த நாளிலேயே இது கதவைச் சாத்துகிறது.

அந்த இங்கிலாந்து வழக்குக்கும் பதுளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முதலாளி, முகவர் உறவில் எழும் கேள்விகளில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்று இலங்கையின் குடியியல் சட்டக் கட்டளை 19ஆம் நூற்றாண்டிலேயே விதித்துவிட்டது. வணிகர்களுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் அது வசதி. அந்த வசதியோடு இந்தக் குறையும் கப்பலேறி வந்தது.

குறையைப் பிறந்த வீட்டிலேயே திருத்திவிட்டார்கள். அதற்கும் முன்பே, அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலம் 1950களிலேயே, கொடுத்தவரின் புத்தி தளர்ந்த பிறகும் நிலைத்திருக்கும் தத்துவத்துக்கு இடம் கொடுத்தது. இங்கிலாந்து 1985இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 2005இல் அதையும் மாற்றி இன்னும் விரிவான சட்டம் கொண்டுவந்தது. அதன்படி பணம், சொத்துக்கு ஒரு பத்திரம், வைத்தியம், பராமரிப்புக்கு இன்னொன்று. எழுதுபவர் விளங்கித்தான் எழுதுகிறார், யாரும் வற்புறுத்தவில்லை என்று குடும்பத்துக்கு வெளியேயுள்ள ஒருவர் சான்றுரைக்க வேண்டும். பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தத்துவக்காரர் தவறினால் கேட்க ஆளிருக்கும். சிங்கப்பூர் 2008இல் இதே வழியில் சட்டம் செய்து 2010இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இல்லை. நினைவிழந்து படுக்கையில் கிடப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தானே நெறிமுறைகளை வகுக்க வேண்டி வந்தது.

இலங்கையில் இப்படியொரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. புத்தி தளர்ந்துவிட்ட ஒருவரின் சொத்தைப் பார்க்க வேண்டுமானால் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவர் குடியிருக்கும் இடத்து நீதிமன்றம் விசாரணை வைத்து, வைத்தியச் சாட்சியம் கேட்டு, சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும். அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சேமலாப நிதிப் பணத்திலிருந்து மருந்துச் செலவுக்கு எடுப்பதற்காக ஒரு தோட்டக் குடும்பம் வழக்குத் தாக்கல் செய்து, தவணைக்குத் தவணை பதுளைக்கு வந்து போக வேண்டும் என்பது பெரும் பாரம்.

ஆகையால், இன்றிருக்கும் சட்டத்துக்குள் நடக்க வேண்டிய ஒரு குடும்பத்துக்கு நான் சொல்ல விரும்புவது முதலில் இதுதான்: அம்மாவுக்கு நல்ல நினைவு இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். பெயர் தடுமாறத் தொடங்கிய பிறகு ஓடினால் நேர்மையான நொத்தாரிசு எழுத மாட்டார். எழுதிக் கொடுப்பவரும் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. அது பின்னர் நீதிமன்றத்தில் நிற்காது. வயது அதிகமென்றால் அன்றைய தினமே வைத்தியரிடம் காட்டி, தெளிவாக இருக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

எதற்காக எழுதுகிறோம் என்பதைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். பொதுத் தத்துவம் என்றால் விற்கவும் ஈடு வைக்கவும் கடன் வாங்கவும் எல்லாமே அதில் அடங்கிவிடும். வங்கிப் பணத்தை எடுக்கவும், கச்சேரியில் விண்ணப்பம் கொடுக்கவும்தான் தேவையென்றால் அவ்வளவையே சொல்லும் விசேட தத்துவம் போதும். வீட்டையும் காணியையும் விற்கும் அதிகாரத்தை "சும்மா இருக்கட்டும்" என்று சேர்க்கச் சொன்னால் சம்மதிக்கக் கூடாது. ஊவாவில் மண் சரிந்தாலும் மழை பெய்தாலும் அந்த ஏழு பேர்ச்சஸ்தான் அந்தக் குடும்பத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த நிலம். சொத்தைத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ள மகனுக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால், பின்னால் மகளுக்கும் மகனுக்கும் வரக்கூடிய சண்டையில் பாதி அங்கேயே அடங்கும். வங்கி ஒன்றுக்காக மட்டுமென்றால் கணக்கை இயக்க வேறொருவரை அனுமதிக்கும் ஏற்பாடு அந்த வங்கியிலேயே உண்டா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

மொழி அடுத்தது. பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, ஹல்துமுல்ல போன்ற பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கென அறிவிக்கப்பட்டவை. ஆனாலும் பத்திரம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தட்டச்சாகி வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்து விளக்கிவிட்டுத்தான் கையொப்பம் வாங்க வேண்டும் என்று நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுத அனுமதிப் பத்திரம் உள்ள நொத்தாரிசு கிடைத்தால் இன்னும் நல்லது. வரி வரியாக வாசித்து முடித்ததும், "இதில் என்ன எழுதியிருக்கு, நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும். அவள் தன் வார்த்தையில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் இன்னொரு நாள் வரலாம்.

பெயர் ஒரு தனித் துன்பம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறி ஒரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே வேறு. அந்தக் காலத்துப் பதிவாளரும் தோட்டத்துக் கிளாக்கரும் காதில் விழுந்தபடி எழுதிவைத்தவை இவை. பத்திரம் எழுதும் முன்பே இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதியும் எடுத்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பவர் எழுதினால் வங்கிக் கவுண்டரில் நின்றுவிடும்.

பதிவு செய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஊவாவில் ஒரு காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. ஆட்களை இழந்த துயரத்தோடு, தப்பியவர்கள் தங்கள் அடையாளத்துக்கான காகிதங்களையும் இழந்து நின்றார்கள். தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்த பத்திரம் மண்ணோடு போகும். அரசின் பதிவேட்டில் ஏறியதற்கு உறுதிப்படுத்திய பிரதியாவது கேட்டு வாங்கலாம். துரைமாரின் சந்தேகம் தீர உண்டான அந்த ஏற்பாடு, மண்சரிவு வலயத்தில் குடியிருக்கும் மக்களுக்கு வேறு வகையில் உதவுகிறது.

அம்மாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, பவர் கொடுத்ததால் அவளுடைய உரிமை போய்விடவில்லை. நாளைக்கே அவள் வங்கிக்குப் போய்த் தன் பணத்தைத் தானே எடுக்கலாம். மகன் நடத்தை பிடிக்காவிட்டால் ரத்துச் செய்யலாம். எழுத்தில் ரத்துச் செய்து, பதிவாளருக்கும் வங்கிக்கும் மகனுக்கும் அறிவித்தால் முடிந்தது. மற்றது, அவள் கண் மூடியதும் அந்தப் பத்திரமும் முடிந்துவிடும். மரணச் செய்தி போவதற்குள் பணத்தை எடுத்துவிடலாம் என்று வங்கிக்கு ஓடுபவர் சட்டப்படி அதிகாரம் இல்லாதவர். அதற்கு வேறு வழி இருக்கிறது: வங்கிக் கணக்கிலும் சேமலாப நிதியிலும் தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறித்து வைக்கலாம், மற்றதற்கு மரண சாசனம் எழுதலாம். இவற்றையும் அந்த ஒரே நாளில் பேசி முடிப்பது நல்லது.

கணக்கு விடயத்திலும் நான் பழைய ஏஜென்சிகளைத்தான் காட்டுவேன். தோட்டத்துப் பணம் எங்கே போனது என்று மாதாமாதம் எழுதி அனுப்பாத முகவரை எந்த முதலாளியும் வைத்திருக்கவில்லை. செட்டியார் கடை ஏஜண்ட் தவணை முடிந்ததும் ஊருக்குப் போய்க் கணக்கு விரிக்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையிடம் கணக்குக் கேட்பதா என்று நம் தாய்மார் கூச்சப்படுவார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். எடுத்தது எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மாதம் ஒருமுறை அவளுக்கு வாசித்துக் காட்டி, அதே தாளைக் கட்டாரிலுள்ள அக்காவுக்கும் படமெடுத்து அனுப்பினால் அந்தக் குடும்பத்தில் சந்தேகம் முளைக்க இடமிராது.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்தப் பிறவிக் குறை தீர்ந்துவிடாது. நினைவு மங்கும் நோய் முற்றிய நாளில் இந்தப் பத்திரம் செல்லாது, அடுத்தது நீதிமன்றம்தான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர ஒரு சபையைத் தந்தது, நல்லது. ஆனால் முதியவரின் முடிவெடுக்கும் உரிமையைப் பற்றி அதில் ஏற்பாடு இல்லை. மனநோயாளர் பற்றிய நம் அடிப்படைச் சட்டமோ 1873இல் வந்தது, இந்த மலையில் கோப்பி நின்ற காலம். ஒருவர் தெளிவாக இருக்கும்போதே தன் பிற்காலத்துக்கு ஆள் குறித்து வைக்கும் சட்டம் ஒன்று இலங்கைக்கு வேண்டும். அது வரும்போது மூன்று ஏற்பாடுகளைத் தோட்டப் பகுதி எம்.பி.க்கள் கேட்டு வாங்க வேண்டும்: அந்தப் பத்திரத்தைத் தமிழிலேயே எழுதிப் பதியும் உரிமை, பிரதேச செயலகத்திலேயே முடிக்கும் வசதி, எழுதும்போது தாயிடம் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகக் கேட்கும் ஒரு உத்தியோகத்தர்.